ஊசி விழுந்த கல்

தாராபுரத்துக்குத்தானுங்க தம்பி? நானும் அங்கதான். உக்காருங்க, உக்காருங்க, நான் நகந்துக்கறேன். ஒரு மணி நேரம் உங்க காதைத் தின்னப் போறேன், கோவிச்சுக்காதீங்க. யாருகிட்டயாவது சொல்லாட்டி எனக்கு நெஞ்சு வெடிச்சுப் போயிரும்.

ஆசைப்பட்டுப் போகலீங்க நான். தொரத்தி விட்டா. யாருன்னு கேக்கறீங்களா, என்ற ஊட்டுக்காரிதான். ருக்குமணி. காலையில இட்லி வெச்சா, சட்னி ஊத்துனா, அப்பறம் தட்டுக்குப் பக்கத்துல ஒரு கல்லைக் கொண்டாந்து வெச்சா. "மத்ததெல்லாம் நான் குடுத்துட்டு வந்துட்டேன். இது ஒண்ணுதான் பாக்கி. இது உங்க தம்பியோடது. இதை நீங்கதான் கொண்டு போய்க் குடுக்கோணும்" அப்படீன்னா. பத்தொம்பது வருசமா நான் பேசாத தம்பிங்க. தாராபுரத்துல மாமனார் ஊட்டோட போய் உக்காந்தவன். அவன் வாசப்படிய நான் மிதிக்கறதாம். நான் வீசின கல்லை நானே அவங்கையில குடுக்கறதாம். கேட்டீங்களா கதையை?

இந்தாங்க, பாருங்க. அப்படி இல்லீங்க, ஜன்னல் வெளிச்சத்துல புடிச்சுப் பாருங்க. பளிங்குக் கல்லுதான். உள்ளுக்குள்ள ஊசி ஊசியா தெரியுதா? தங்க நெறத்துல, குறுக்கும் நெடுக்குமா? பூமிக்குள்ள பளிங்கு வளர்றப்ப வேற ஏதோ தாது அதுக்குள்ள மாட்டிக்கிட்டது. அவ்வளவுதான் சங்கதி. அழுக்கு. எங்க தொழில்ல இதுக்குப் பேரு ஊசி விழுந்த கல்லு. கொடுங்க இப்படி. கீழ விழுந்துரப் போகுது.

நான் யாருன்னு சொல்லலையே. காங்கயத்துல போய் நல்லசிவம்னு கேளுங்க. இப்பக் கேக்காதீங்க, இப்பக் கேட்டா சிரிப்பானுங்க. போன வருசம் வரைக்கும் கேட்டிருக்கோணும். எங்க பக்கத்து மண்ணுல கல்லு கெடைக்கறது உங்களுக்குத் தெரியுமில்ல? ஒரு மழை பேஞ்சு ஓஞ்சா, சாயங்கால வெயில் சாஞ்சு அடிக்கறப்ப, சனம் அத்தனையும் குனிஞ்சுக்கிட்டே காட்டுல நடக்கும். எங்காவது மினுக்குனு ஒண்ணு தெரிஞ்சா எடுத்து முந்தானையில முடிஞ்சுக்குவாங்க. மறுநாள் விடியறதுக்குள்ள எங்கிட்ட வந்துரோணும். வாசல்ல புங்க மரத்தடியில ஒரு பெஞ்சு. பெஞ்சு மேல ஒரு டார்ச், ஒரு லென்சு, ஒரு கண்ணாடி டம்ளர் நெறைய தண்ணி. அவ்வளவுதான் என்ற ஆபீசு.

தண்ணி எதுக்குங்கறீங்களா? காட்டுல கெடைக்கற கல்லு மேலெல்லாம் சொரசொரன்னு இருக்கும், உள்ள பாக்க முடியாது. தண்ணில போட்டீங்கன்னா அந்தச் சொரசொரப்பு மறைஞ்சு போயிரும். கல்லோட வயித்துக்குள்ள என்ன இருக்குதுன்னு அப்படியே தெரியும். ஒரு நிமிசம் பாப்பேன். சுத்தமான கல்லுன்னா பெஞ்சு மேல வெப்பேன். கீறல் கல்லுன்னா திருப்பிக் குடுப்பேன். ஊசி விழுந்த கல்லுன்னா தோளுக்கு மேல பின்னால வீசுவேன். செவத்தைத் தாண்டிப் போய், துணி துவைக்கிற எங்க பொடக்காளியில விழும். திரும்பிக் கூடப் பாக்கமாட்டேன். அதுலயே தெரிஞ்சுக்குவாங்க. கல்லு கொண்டாந்தவங்க எந்திரிச்சுப் போயிருவாங்க.

திருப்பிக் குடுத்திருக்கலாம்ல, ஏன் வீசோணும்? இதையேதான் ருக்குமணியும் கேட்டா. திருப்பிக் குடுத்தா என்ன பண்ணுவாங்க தெரியுமா? அதைக் கொண்டுக்கிட்டு நாலு ஊருக்கு அலைவாங்க. எவனாவது பொய் சொல்லி ஏமாத்துவான். நான் நல்லதுக்குத்தான் வீசினேன். நாப்பது வருசம். வெளியூர் யாவாரி எவன் வந்தாலும் மொதல்ல கேக்கற கேள்வி "நல்லசிவம் பாத்தாச்சா?" அதுதான். நான் பாத்த கல்லை மறுபடியும் எவனும் டார்ச் அடிச்சுப் பாத்ததில்ல. அப்படி இருந்த மனுசன் தம்பி நான்.

தை மாசம் ஜெய்ப்பூர்ல இருந்து பன்வாரின்னு ஒரு யாவாரி வந்தான். பதினஞ்சு வருசமா வர்றவன்தான், நம்ம ஊட்டுல காபி குடிப்பான், தமிழும் அரைகுறையா பேசுவான். கை கழுவறேன்னு பொடக்காளிக்குப் போனவன் திரும்பி வரக் காணோம். அஞ்சு நிமிசம், பத்து நிமிசம். என்னடான்னு எந்திரிச்சுப் போனா, துணி துவைக்கிற கல்லு மேல உக்காந்திருக்கறான். முன்னால ஒரு பெயிண்டு பக்கெட்டு. பக்கெட்டு நெறைய ஊசிக் கல்லு. நான் நாப்பது வருசமா வீசினது.

எனக்குத் தெரியாதுங்க தம்பி. சத்தியமாத் தெரியாது. நான் வீச வீச இவ பொறுக்கிக்கிட்டே இருந்திருக்கறா. ஒரே ஊட்டுல, ஒரே செவத்துக்கு அந்தப் பக்கம். எத்தனை நெஞ்சழுத்தம் பாருங்க.

பன்வாரி ஒரு கல்லைச் சூரியனுக்கு நேரா புடிச்சுக்கிட்டு என்னைப் பாத்தான். "நல்லசிவம்ஜி, இத்தனை வருசமா இதை ஏன் எனக்குக் காட்டல?" ன்னு கேட்டான். குப்பையை எதுக்குய்யா காட்டோணும்னேன். அவன் போனை எடுத்துக் காட்டுனான். எவளோ ஒரு பொம்பளை வெரல்ல மோதிரம், மோதிரத்துல ஊசிக் கல்லு. இன்னொருத்தி கழுத்துல தொங்குது. "சுத்தமான பளிங்கு எத்தனை வேணும்னாலும் கெடைக்கும், இப்ப இதைத்தான் கேக்கறாங்க, ஒண்ணு மாதிரி இன்னொண்ணு இருக்காதில்ல" அப்படீன்னான். மொத்தப் பக்கெட்டையும் எடுத்துக்கறேன், நீங்களே வெலையைச் சொல்லுங்கன்னான்.

எனக்கு எப்படி இருந்திருக்கும்னு நெனைச்சுப் பாருங்க. நேத்து மொளைச்ச போன் எனக்குக் கல்லுப் பாக்கச் சொல்லிக் குடுக்குது. வெலையும் வேண்டாம் ஒரு மண்ணும் வேண்டாம், குப்பையை அள்ளிக்கிட்டுப் போன்னுட்டேன். அப்பத்தான் இவ சமையக்கட்டுல இருந்து வந்தா. முந்தானையில கையைத் தொடச்சுக்கிட்டே பக்கெட்டை எடுத்து இடுப்புல வெச்சுக்கிட்டா. "இது எங்களுது இல்லீங்க. ஒவ்வொண்ணுக்கும் ஆளு இருக்குது" ன்னா.

ஆளு இருக்குதாமா. அப்பறந்தான் பாக்கறேன், ஒவ்வொரு கல்லும் ஒரு மருந்துக் கடைக் கவர்ல கெடக்குது. கவர் மேல பென்சில்ல பேரு. படியூர் வேலாத்தா. தறிப்பட்டறை குப்புசாமி மகன். தண்ணிப்பந்தல் டீச்சரம்மா. நான் குப்பைன்னு வீசினதுக்கு இவ அட்ரஸ் எழுதி வெச்சிருக்கறா. கல்லு கொண்டாந்தவங்க வாசல் தாண்டறதுக்குள்ள பேரு கேட்டு வெச்சுக்குவாளாம். கெரகம். கட்டுனவ மாதிரியா இருக்குது இது, போலீஸ்காரன் வேலை மாதிரியில்ல இருக்குது.

அதோட விட்டிருந்தாக்கூடப் பரவாயில்லீங்க. மறுநாள் காலையில பக்கெட்டைத் தூக்கிக்கிட்டுக் கெளம்பிட்டா. டவுன் பஸ்சு ஏறி ஊர் ஊராப் போறா. வெயிலு மண்டையப் பொளக்குது, இவ போறா. ஒரு மாசம் பூராவும் போனா. ஒவ்வொரு ஊடாப் போய், கவரைக் குடுத்து, என்ன சொல்லிக் குடுத்தா தெரியுமா? "எங்க ஊட்டுக்காரரு தெரியாமச் சொல்லிட்டாருங்க. இதுக்கு வெலை இருக்குதாமுங்க."

தெரியாம. அந்த ஒரு வார்த்தை தம்பி. நான் தெரியாமச் சொன்னனாமா. பொய் சொன்னான்னு சொல்லியிருந்தாக்கூட எனக்கு இத்தனை கோவம் வந்திருக்காது. ஏமாத்திட்டான்னு சொல்லட்டும், திருடன்னு சொல்லட்டும். தெரியாதவன்னு சொல்லிட்டா. அதுவும் கல்லு விசயத்துல.

அன்னிக்கு இதுக்கு வெலை இல்லீங்க. அது சத்தியம். இருவது வருசத்துக்கு முன்னால ஊசி விழுந்த கல்லை எவன் வாங்குனான்? நீங்களே சொல்லுங்க. பன்வாரியே வாங்கியிருப்பானா? அதை நான் இவகிட்டச் சொன்னேன். "அவருக்கு நீங்க ஒருக்காலாவது காட்டுனீங்களா?" ன்னு கேட்டா. எதுத்துப் பேசறதுக்குன்னே படிச்சுட்டு வந்தவ மாதிரி. அஞ்சாங் கெளாசுங்க அவ.

படியூர் வேலாத்தா நேரா என்ற பெஞ்சுக்கே வந்துருச்சு. கெழவி திட்டும், மண்ணை வாரித் தூத்தும்னு பாத்தேன். ஒண்ணுமில்ல. கவரை மடியில வெச்சுக்கிட்டு உக்காந்துச்சு. "நீங்க வீசினதும் நான் ஊட்டுக்குப் போயிப் பையனை மில்லுக்கு அனுப்பிச்சுட்டனுங்க சாமி, அவன் படிக்கறேன்னான்" அப்படீன்னுச்சு. கோவமே இல்லாமச் சொல்லுச்சு. எந்திரிச்சுப் போயிருச்சு. அதுக்கு நான் என்னங்க பண்றது? ஊர்ல இருக்கற பையனெல்லாம் படிக்கறதுக்கு நான் பொறுப்பா? கல்லைப் பாத்துச் சொல்லுன்னாங்க, சொன்னேன்.

இப்ப எவனும் வரதில்லீங்க. போன்ல படம் புடிச்சு அனுப்பறானுங்களாம், ஜெய்ப்பூர்ல இருந்தே பதில் வருதாம். டம்ளர்ல தண்ணி மட்டும் தெனமும் மாத்தி வெக்கறேன். பெஞ்சுல நாய் படுத்துக்குது. தொரத்துனா ஒரு பார்வை பாக்குது பாருங்க, அதுக்கும் விசயம் தெரிஞ்சு போச்சு போலன்னு நெனைச்சுக்குவேன்.

ஊதியூர் வந்துருச்சா? அதோ மலை தெரியுது. பாதி தூரம் வந்துட்டோம்.

என்ற தம்பி கதைக்கு வர்றேன். பேரு மயில்சாமி. எனக்கும் அவனுக்கும் பன்னெண்டு வயசு வித்தியாசம். எங்கப்பன் செத்தப்ப அவன் நாலாவது படிச்சுக்கிட்டு இருந்தான். நான்தான் வளத்தேன். சோறு போட்டேன், துணி எடுத்தேன், கெணறு வெட்டற கம்ப்ரஸர் வண்டியில வேலைக்குச் சேத்து விட்டேன். அவன் ஒரு நாள் வெடி வெச்ச பாறைக்குள்ள இருந்து இந்தக் கல்லை எடுத்துட்டு வந்தான். காட்டுக்காரரே நீ வெச்சுக்கடான்னு குடுத்துட்டாராம். பத்தொம்பது வருசத்துக்கு முன்னால. பெஞ்சைச் சுத்தி ஏழெட்டுப் பேரு உக்காந்திருக்கறாங்க, வெளியூர் யாவாரி ரெண்டு பேரு. இவன் கூட்டத்தை வெலக்கிக்கிட்டு வந்து, "அண்ணா, இதைப் பாரு மொதல்ல" ன்னு நீட்டறான். ஒரு வரிசை இல்லையா? ஒரு மொறை இல்லையா? அண்ணன்னா என்ன வேணும்னாலும் பண்ணலாமா?

தண்ணில போட்டேன். ஊசி. எடுத்தேன், வீசினேன். அவ்வளவுதான். யாரா இருந்தாலும் அதுதான் சட்டம், தம்பியா இருந்தாலும் அதுதான். இவன் போக வேண்டியதுதானே? நின்னு எங்கிட்ட வாக்குவாதம் பண்ணுனான் தம்பி. அத்தனை பேரு முன்னால. எனக்கு வந்த கோவத்துல, "கண்ணு இருக்கறவன் பேசோணும்டா, போடா ஊசி" ன்னுட்டேன். கூட்டம் சிரிச்சுது. அவ்வளவுதான் நடந்துச்சு. அந்தப் பேரு அப்படியே ஒட்டிக்கிச்சு. ஊசி மயிலு, ஊசி மயிலுன்னு ஊரே கூப்புட ஆரம்பிச்சுருச்சு. அதுக்கு நானா பொறுப்பு? சின்னப் பசங்க பின்னாடியே கத்திக்கிட்டுப் போவானுங்க. ரெண்டு மாசத்துல பொண்ணு பாத்தான், தாராபுரத்துக்கே போயிட்டான்.

சரி, போறான்னு விட்டேன். என்ற மக கலியாணத்துக்கு வரோணுமா இல்லையா? சொந்தச் சித்தப்பன். அவனே தூக்கி வளத்த புள்ளை. வரல. மண்டபத்துல வர்றவன் போறவனெல்லாம் மயிலு எங்க, மயிலு எங்கன்னு கேக்கறான். மொகத்துல கரியைப் பூசிட்டான் தம்பி. பத்திரிகை வெக்கலையான்னு கேக்கறீங்களா? வெச்சனே. அனுப்பிச்சேன். கொரியர்ல அனுப்பிச்சேன். ரசீது இன்னமும் பீரோல இருக்குது.

நீங்க ஏனுங்க அப்படிப் பாக்கறீங்க?

தெரியும் தம்பி. எங்க பக்கத்து மொறை எனக்குத் தெரியாதா? பங்காளிக்குப் பத்திரிகைன்னா புருசனும் பொண்டாட்டியுமா நேர்ல போய், தாம்பாளத்துல வெத்தலை பாக்கு வெச்சுக் கூப்புடோணும். ருக்குமணி அப்பவே அழுதா. தாம்பாளத்தை எடுத்து வெச்சுக்கிட்டு, சேலை மாத்திக்கிட்டு வாசல்ல நின்னா. நான் எந்திரிக்கல. அவன் வந்து அண்ணான்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் ஓடியிருப்பேன். மொதல்ல அவந்தானே வரோணும்? சின்னவன் அவந்தானே?

வயித்தெரிச்சல் என்னன்னா, இவ எல்லாக் கல்லையும் குடுத்துட்டு வந்தா. இதை மட்டும் குடுக்கல. காலையில நான் கத்துனேன். இதையும் நீயே கொண்டு போய்த் தொலைச்சுட்டு வர்றதுதானே, ஊரெல்லாம் என்னைத் தெரியாதவன்னு சொல்லிட்டே, அவங்கிட்டயும் போய்ச் சொல்லுன்னேன். தட்டைத் தள்ளி விட்டேன். இட்லி கீழ விழுந்துருச்சு.

அவ இட்லியப் பொறுக்கிக்கிட்டே சொன்னா. சத்தம் போடாமச் சொன்னா. "மத்தவங்ககிட்டத் தெரியாமச் சொல்லிட்டாருன்னு சொன்னேன். உங்க தம்பிகிட்ட அப்படிச் சொன்னாப் பொய்யாயிருமுங்க. நான் அன்னிக்குப் பொடக்காளியிலதான் நின்னுக்கிட்டு இருந்தேன்."

சட்டையை மாட்டிக்கிட்டு வந்து பஸ்சு ஏறிட்டேன்.

என்னன்னு கேக்கறீங்களா. ஒண்ணுமில்ல. வேண்டாம் விடுங்க.

அன்னிக்குக் கூட்டம் கலைஞ்சு போச்சு. யாவாரிக போயிட்டாங்க. பொழுது எறங்கிக்கிட்டு இருந்துச்சு. நான் பொடக்காளிக்குப் போனேன். எதுக்குப் போனேன்னு கேட்டா ஏதாவது சொல்லுவேன், ஆனா நெசம் என்னன்னா அந்தக் கல்லைத் தேடித்தான் போனேன். நாப்பது வருசத்துல நான் வீசின கல்லைத் தேடிப் போனது அது ஒண்ணுதான். வெள்ளை வெள்ளையாக் கெடக்கற வெங்கச்சாங்கல்லுக்கு மத்தியில கெடந்துச்சு. எடுத்து, சாயங்கால வெயில்ல புடிச்சுப் பாத்தேன். உள்ள அத்தனை ஊசியும் ஒரேயடியா பத்திக்கிச்சு. நான் எத்தனையோ கல்லுப் பாத்திருக்கறேன், நீலம் பாத்திருக்கறேன், அப்படி ஒண்ணை நான் பாத்ததே இல்ல. கீழ வெக்க மனசு வரல எனக்கு. எத்தனை நேரம் நின்னேன்னு தெரியல. அப்பறம் போட்டுட்டு வந்துட்டேன். ஏழெட்டுப் பேரு முன்னால குப்பைன்னு சொல்லிட்டேன். தம்பியை ஊசின்னு சொல்லிட்டேன். அதுக்கப்பறம் நான் எப்படிங்க எடுத்துட்டு வர்றது?

இவ பாத்துருக்கறா. அன்னிக்குப் பாத்துட்டு, பத்தொம்பது வருசம் ஒரு வார்த்தை சொல்லாம இருந்திருக்கறா. அன்னிக்கு இருந்துதான் பொறுக்கவே ஆரம்பிச்சாளோ என்னமோ. இல்ல, அதுக்கு முந்துன கல்லும் பக்கெட்டுல இருந்துச்சு. பழசெல்லாம் தோண்டி எடுத்து, யாரு கொண்டாந்ததுன்னு ஞாபகம் வெச்சு எழுதியிருப்பா. கேக்கல நான்.

மயிலு வாக்குவாதம் பண்ணுனான்னு சொன்னனில்லீங்க? அதை அப்படியே எடுத்துக்காதீங்க. அவன் வெலை கேக்கல. வரிசையைத் தாண்டி வந்தான், அது நெசம். நான் வீசினதும் கல்லு போன பக்கம் எட்டிப் பாத்தான். அப்பறம், "வெலை கெடக்கட்டும்ணா, அழகா இருக்குதா இல்லையா, அதை மட்டும் சொல்லு" ன்னான். அவ்வளவுதான் கேட்டான். சிரிச்சுக்கிட்டேதான் கேட்டான். அதை எனக்குக் காட்டோணும்னுதான் பதினாறு கிலோமீட்டர் சைக்கிள் மெதிச்சுக்கிட்டு வந்திருக்கறான். மத்தவங்களுக்கு முன்னால எனக்குத்தான் காட்டோணும்னு. அவனைத்தான் போடா ஊசின்னேன்.

பஸ் ஸ்டேண்டு வந்துருச்சுங்களா? அதுக்குள்ளயா?

இருங்க. அங்க பாருங்க, அந்தப் பழக்கடைக்குப் பக்கத்துல. வெள்ளைச் சட்டை. தலையெல்லாம் நரைச்சுப் போச்சு. எங்கப்பன் நிக்கற மாதிரியே ஒரு காலை மடக்கிக்கிட்டு நிக்கறான் பாருங்க. இவனுக்கு யாரு சொன்னா நான் வர்றேன்னு? அவளேதான். போன் பண்ணிச் சொல்லியிருப்பா. என்னை ஒரு வார்த்தை கேட்டாளா? ஊட்டைத் தேடிக்கிட்டுப் போறதுக்குள்ள சொல்றதுக்கு ஏதாவது யோசிச்சு வெச்சுக்கலாம்னு இருந்தேன். அதுக்கும் மண்ணைப் போட்டுட்டா.

ஒவ்வொரு ஜன்னலாத் தேடறான். என்னை அடையாளம் தெரியல போல. நானும் கெழவனாயிட்டனில்ல.

நீங்க மொதல்ல எறங்குங்க தம்பி. இல்ல, நில்லுங்க. கல்லை நீங்களே கொண்டு போய் அவங்கையில குடுத்துருங்களேன், வெள்ளைச் சட்டைக்காரருன்னு... வேண்டாம். வேண்டாம், வேண்டாம். அப்படிப் பண்ணுனா நான் ரெண்டாவது தடவையும் அவன் மேல வீசின மாதிரி ஆயிரும். கொஞ்சம் வழி விடுங்க. கண்டக்டரு கத்தட்டும், கால் மரத்துப் போச்சு, மெதுவாத்தான் எறங்குவேன்.

டேய் மயிலு. இங்கடா. இங்க இருக்கறேன்.